அதிகாரபூர்வமான மீன்

போன முறை ஆறு தெருவுக்குள் வந்தபோது நிவாரண இயக்ககம் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வந்தது. வந்து, தான் ஏன் வரவில்லை என்று விசாரித்தது. மாடியில் ஒண்டிக்கொண்டு பட்டினி கிடந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, "நாங்க வராம இருந்தப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டார்கள். ஆற்றோரத் தெருவில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"வருவீங்கன்னு நினைச்சோம்."

இந்தப் பதில் இயக்குநரை உலுக்கிவிட்டது. விசாரணை முடிந்து நடந்த கூட்டத்தில் அவர் தழுதழுத்த குரலில் பேசினார். "இந்த மக்கள் பசியால் வாடவில்லை. எதிர்பார்ப்பால் வாடினார்கள். ஆற்றை நம்மால் தடுக்க முடியாது. எதிர்பார்ப்பைத் தடுக்க முடியும். அதற்கான நிபுணத்துவம் நம் இயக்ககத்திடம் ஏராளமாக இருக்கிறது."

அப்படிப் பிறந்ததுதான் 'இடைக்கால உயிர்காப்பு உணவுத் தேடல் பயிற்சி'. வெள்ளமோ புயலோ வந்தால், நிவாரணம் வந்து சேரும்வரை குடிமக்கள் காடுமேட்டில் கிடைப்பதைத் தேடியும் பிடித்தும் தின்று உயிரோடு இருக்கப் பழக வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் நிவாரணம் கொடுக்க முடியும் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

தெருவுக்கு ஒரு ஆள் பயிற்சிக்கு வர வேண்டும் என்றார்கள். ஆற்றோரத் தெருவிலிருந்து மீட்டர்க்காரர் போனார்.

மீட்டர்க்காரர் குடிநீர் வாரியத்தில் வேலை பார்ப்பவர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். ஊரில் உள்ள நாய்கள் எல்லாம் அவரைப் பார்த்துக் குரைத்து அலுத்துப்போய், இப்போது வாலை மட்டும் ஆட்டும். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மை என்று நம்பி வாழ்ந்த மனுஷன். அதே பழக்கத்தில், அதிகாரத்தில் இருப்பவர் ஒன்றைச் சொன்னால் அதையும் குனிந்து பார்த்து அப்படியே குறித்துக்கொண்டுவிடுவார்.

அவர் பெயரைக் கொடுத்தது அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான். தன் பிள்ளை போலத் தலைவாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூட வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஆளாக்கினாள். தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவன் தம்பிதான். படிப்பு முடிந்ததும், மீட்டர்க்காரர் தான் எண் பார்க்கப் போன பங்களா வாசல்களில் எல்லாம் நின்று, கெஞ்சி, செருப்புத் தேய அலைந்து, இயக்ககத்தில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்.

"அத்தான், உங்க பேரக் குடுத்துட்டேன்" என்றான் தம்பி, சாப்பிட்டுக்கொண்டே.

"காட்டுல போய் இவரு என்னத்தடா தேடுவாரு?" என்றாள் அக்கா. "தட்டுக்குப் பக்கத்துல வச்ச டம்ளரையே இவருக்குத் தேடத் தெரியாது."

"சும்மா பேருக்குத்தான்கா. ஒரு பிக்னிக் மாதிரி. பின்னாடி கூடாரத்துல சாப்பாடு எல்லாம் இருக்கும். எங்க ஆளுங்க பட்டினி கிடப்பாங்களா, நீயே சொல்லு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அக்காவும் அத்தானும் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருக்கலாம்.

"அப்புறம் அத்தான்" என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. "ஆள் அனுப்புற தெருவுக்குத்தான் கிடங்குல மறுபடி சரக்கு வைக்கப் போறாங்க. நீங்க போனா நம்ம தெருவுக்கு நல்லது."

தெருக்கோடியில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், இயக்ககத்தின் சின்ன உணவுக் கிடங்கு ஒன்று இருந்தது. வெள்ளம் வந்தபோது அதில் ஒரு பூட்டும், இரண்டு எலியும்தான் இருந்தன. அதில் மாவும் பால்பவுடரும் வந்து இறங்கும் என்றால் மூன்று நாள் காட்டில் உட்கார்ந்துவிட்டு வருவதில் என்ன கஷ்டம்? மீட்டர்க்காரர் சரி என்றார்.

முதலில் வகுப்பு. குளிரூட்டிய அரங்கில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீட்டர்க்காரருக்கு ஒரு பக்கம் அடுத்த தெருத் தையலக்கா. மறுபக்கம் பேக்கரிக்காரர். எல்லோருக்கும் கையேடு கொடுத்தார்கள். அது எங்கோ பனி கொட்டுகிற தேசத்தில் எழுதப்பட்டது. உறைந்த ஏரியில் துளை போடுவது எப்படி என்று ஒரு முழு அத்தியாயம் இருந்தது. சிவப்புப் பழத்தைத் தொடாதே, ஊதாப் பழத்தைத் தின்னலாம் என்று இன்னொரு அத்தியாயம். கையேட்டை நகல் எடுத்த இயந்திரம் கறுப்பு வெள்ளை. எல்லாப் பழமும் கறுப்பாக இருந்தது.

"ஐயா, இதுல எது ஊதா?" என்று கேட்டார் தையலக்கா. துணிக்கு நூல் நிறம் பார்த்துப் பழகியவர். இப்படித்தான் கேட்பார்.

இயக்குநர் பிஸ்கெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெட்டுக்கிளியில் உள்ள சத்து பற்றி அப்போதுதான் ஒரு மணி நேரம் பேசி முடித்திருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நெருக்கடியில் குடிமகன் நிறம் பார்க்கக் கூடாது."

கைதட்டினார்கள். முன்வரிசையில் தம்பிதான் முதலில் தட்டினான்.

பிறகு இலைச் சோதனை. தெரியாத இலையை எடுத்த எடுப்பில் வாயில் போடக் கூடாது. முதலில் தோலில் தேய்த்துக் காத்திருக்க வேண்டும். அரிக்கவில்லை என்றால் உதட்டில். பிறகு நாக்கில். பிறகு ஒரு துணுக்கை மென்று துப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதுவரை எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இயக்ககம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு கட்டத்துக்கும் அனுமதி என்று சேர்த்தது. தோலுக்குப் பயிற்றுநர் அனுமதி. உதட்டுக்கு மேற்பார்வையாளர் அனுமதி. நாக்குக்கு இயக்குநரே அனுமதி தர வேண்டும். அவர் மத்தியானம் தூங்குவார். நாக்குக்கு அனுமதி வந்து சேரும்போது இலை வாடிப்போயிருக்கும். வாடிய இலையை முன்பு சோதித்த இலையாகக் கருத முடியாது என்பதால், புதிதாக ஒன்றைப் பறித்து மறுபடி தோலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பொறி வைக்கும் வகுப்பில் வனத்துறைக்காரர் ஒருவர் வந்து நின்றார். கயிற்றால் சுருக்குப் போட்டு முயல் பிடிப்பது எப்படி என்று பயிற்றுநர் காட்டினார். காட்டி முடித்ததும் வனத்துறைக்காரர் எழுந்து, காட்டு விலங்கைப் பிடித்தால் கைது என்றார்.

"அப்ப எதுக்குங்க சொல்லித் தர்றீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

"பொறி வைப்பதற்கு மதிப்பெண் உண்டு. பிடிபட்டால் வழக்கு. இரண்டும் வேறு வேறு துறை" என்றார் பயிற்றுநர், பொறுமையாக.

அப்புறம் காடு. ஓடை ஒன்று, புதர், பாறை, ஊமை வெயில். வண்டியிலிருந்து இறங்கியதும் எல்லோருடைய பையையும் சோதித்து, சாப்பிடுகிற பொருளாக எது இருந்தாலும் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியின் தூய்மை கெட்டுவிடக் கூடாதாம். மீட்டர்க்காரரின் பையில் அவர் மனைவி ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். அதை எடுத்தது தம்பி.

"வச்சிருக்கேன் அத்தான். அப்புறமா தர்றேன்" என்று கண்ணைச் சிமிட்டினான்.

மீட்டர்க்காரர் நிம்மதியாகப் போய் இலை பறித்தார்.

சாயங்காலம்வரை ஒரு இலையும் உதட்டைத் தாண்டவில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் அவர் பின்பக்கக் கூடாரத்துக்குப் போனார். வாசல் துணி காற்றில் விலகியது. உள்ளே அதிகாரிகள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் பெரிய ஐஸ் பெட்டி. தம்பி நின்றபடியே முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். அக்கா சுருட்டித் தந்த அதே காகிதம்.

"தம்பி" என்றார் அவர்.

தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு வெளியே வந்து, அவரைக் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான்.

"அத்தான், இங்கல்லாம் வரக் கூடாது. எனக்குத்தான் பிரச்சனை."

"சாப்பாடு இருக்கும்னியே."

"இருக்கே. நான் இல்லைன்னா சொன்னேன்? உங்களுக்குக் குடுத்தா மத்தவங்க கேப்பாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கிடங்கு விஷயம் ஞாபகம் இருக்குல்ல?"

மீட்டர்க்காரர் திரும்பி வந்து பாறையில் உட்கார்ந்தார். பசியைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த முட்டைகளில் ஒன்று தம்பிக்கு என்று தனியாகக் கட்டியிருந்தாள் அவன் அக்கா. அவன் தேடி வந்து வாங்கித் தின்றிருக்கலாம். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் பேக்கரிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் காற்றில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். தையலக்கா மட்டும் சும்மா இருக்கவில்லை. ஓடைக் கரையில் குச்சியால் கிளறி ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்தார். கையேட்டில் ஒரு படம் அதைப் போலவே இருந்தது. கறுப்பாக இருந்தது என்று சொல்வதுதான் சரி. இயக்குநரிடம் கொண்டுபோனார். பக்கத்தில் தம்பி நின்றான்.

இயக்குநர் கிழங்கைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். இரண்டு நாளாக ஒருவர்கூட எதையும் தின்னவில்லை என்றால் பயிற்சிக்கு என்ன முடிவு எழுதுவது என்ற கவலை அவருக்கு.

"இதேதான்" என்றார். "நேரடியாக வாய் நிலைக்கே அனுமதி தருகிறேன். சாப்பிடுங்கம்மா."

"வேக வைக்கணுமாய்யா?"

"அடுப்புக்குத் தீயணைப்புத் துறை அனுமதி இன்னும் வரவில்லை. பச்சையாகச் சாப்பிட்டால் சத்து வீணாகாது."

அரசாங்கமே சொல்கிறதே என்று தையலக்கா கழுவிக் கடித்தார்.

அந்த நேரம் மீட்டர்க்காரர் ஓடையில் கீழே தள்ளி, தண்ணீர் குடிக்கப் போய் வழுக்கி விழுந்தார். விழுந்தது வற்றிக்கொண்டிருந்த ஒரு குழியில். அவருக்கு அடியில் ஏதோ துள்ளியது. மீன். ஓடை சுருங்கியபோது குழிக்குள் மாட்டிக்கொண்ட பொடி மீன்கள். விரல் நீளம்கூட இல்லை. அவர் சட்டையைக் கழற்றி விரித்து அள்ளினார். பாதி தப்பித்தது. பாதி சட்டையில் துடித்தது. அவ்வளவுதான் அவர் மீன் பிடித்த கதை. மீன் பிடித்ததில் அவருடைய திறமை என்று ஒன்று இருந்தால் அது விழுந்ததுதான்.

ஆனாலும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "மீன்! மீன்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். தையலக்காவுக்கும் பேக்கரிக்காரருக்கும் பங்கு பிரிக்க வேண்டும் என்றுதான் ஓடினார். எதிரே இயக்குநரும் கேமராவோடு தம்பியும் ஓடி வந்தார்கள்.

இயக்குநர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஈரச் சட்டையைப் பற்றிக் கவலைப்படவில்லை. "வந்துவிட்டான்! என் குடிமகன் வந்துவிட்டான்!" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

தம்பி கேமராவுக்குள் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "சார், மீன் தெரியல சார். அழுக்குத் துணி மாதிரி இருக்கு."

கூடாரத்துக்கு ஓடினான். திரும்பி வரும்போது அவன் கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் இருந்தது. வாயில் ஐஸ் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதப் பிடிங்க அத்தான்."

"இது நான் பிடிச்சதில்லையே."

"இப்பதான் பிடிங்கன்னு சொல்றேனே."

ஐஸ் மீன் கை மரத்துப் போகிற அளவுக்குக் குளிர்ந்தது. மீட்டர்க்காரர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நின்றார். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. முழு மீனைக் கையில் கொடுத்திருக்கிறார்களே, நாலு பேருக்கு வயிறார வரும் என்று கணக்குப் போட்டுச் சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும் தம்பி மீனை வாங்கிக்கொண்டு போய் மறுபடி பெட்டியில் வைத்து மூடினான். அதிகாரிகளுக்கு ராத்திரிச் சாப்பாடு அது. இந்தக் களேபரத்தில் யாரோ சட்டையை உதறிவிட்டிருந்தார்கள். பொடி மீன் ஒன்றும் மிச்சமில்லை.

பேக்கரிக்காரர் அலறும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

தையலக்கா புதருக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார். உதடு இரண்டும் தடித்து வெளியே பிதுங்கியிருந்தன. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். வாயைத் திறந்தால் எச்சில்தான் வழிந்தது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பயிற்சி நிறைவு விழாவுக்கான கேடயங்கள் இருந்தன.

"வண்டியை எடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்றார் மீட்டர்க்காரர்.

ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. தம்பி ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். மடியில் கேமரா. இயக்குநர் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்.

"அம்மாவை ஏற்றினால் பயிற்சி தோல்வி என்று ஆகிவிடும்" என்றார் அவர், வருத்தமாக. "நடக்காததை நடந்ததாகக் காட்டும் வழக்கம் நம் இயக்ககத்தில் இல்லை."

"தம்பி! டேய், பின்னாடி இடம் இருக்குடா!"

தம்பி அவரைப் பார்க்கவில்லை. கேமராவின் மூடியைச் சரிசெய்தான். "அத்தான், அமைச்சர் சாயங்காலத்துக்குள்ள படத்தைப் பாக்கணும். இறங்கின உடனே வண்டியத் திருப்பி அனுப்புறேன். சத்தியமா."

மீட்டர்க்காரர் நின்று காத்திருந்தார். அது அவர் சுபாவம். வண்டி வரவில்லை. தையலக்காவின் நகம் நீலமாகத் தொடங்கியதும்தான் அவருக்குள் ஏதோ அறுந்தது. தையலக்காவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தார். பேக்கரிக்காரர் பின்னாலேயே தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். சாலைக்கு வந்ததும் மரம் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அந்த ஓட்டுநர் யாருடைய அனுமதியும் கேட்கவில்லை.

தையலக்கா பிழைத்தார். குரல் போய்விட்டது. மருத்துவர் அவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் பச்சையா தின்னச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"இயக்ககம்" என்றார் மீட்டர்க்காரர். மருத்துவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது, பயமும் இருக்கிறது.

மறுநாள் தம்பி ஆப்பிளோடு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மீட்டர்க்காரரின் காதில் பேசினான். "யாராவது கேட்டா, அனுமதி இல்லாம அவங்களே தின்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அத்தான்."

"நீ பக்கத்துலதானே நின்னே."

"நின்னேன். பாக்கல."

தையலக்கா தூங்கவில்லை. கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார். அவன் சின்ன வயதில் போட்டுக் கிழித்த கால்சட்டை எல்லாம் அவர் தைத்துக் கொடுத்தவை. தம்பி ஆப்பிளை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

நிறைவு விழாவுக்கு மீட்டர்க்காரர் போனது உண்மையைச் சொல்லத்தான். மேடையில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய அவர் படம். நெஞ்சோடு அணைத்த மீன். கீழே, 'நிவாரணம் உங்கள் கையில்' என்ற வரி. தொகுத்து வழங்கியவன் தம்பி. புதுக் கோட்டு போட்டிருந்தான். அவர் பெயரைச் சொன்னதும் அரங்கம் அதிர்ந்தது. மைக்கைக் கொடுத்தார்கள்.

"இந்த மீன் நான் பிடிச்சதில்ல" என்றார் மீட்டர்க்காரர். "ஐஸ் பெட்டியில இருந்துச்சு. நான் பிடிச்சது பொடி மீன். அதயும் கீழ கொட்டிட்டாங்க. காட்டுல ஒருத்தரும் ஒண்ணும் சாப்பிடல. சாப்பிட்ட ஒருத்தங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க."

இயக்குநர் எழுந்தார். மெல்ல அவர் தோளில் கை போட்டார்.

"பார்த்தீர்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "தன்னால் முடியவில்லை என்று சொல்கிறார். எல்லாம் இயக்ககம் தந்தது என்கிறார். இந்தத் தன்னடக்கத்தைத்தான் நாங்கள் மூன்று நாளில் கற்றுக் கொடுத்தோம்!"

கைதட்டல் ஓயவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மீட்டர்க்காரரின் மனைவி மட்டும் தட்டவில்லை. அவள் மேடையில் தன் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அத்தானின் கையிலிருந்து மைக்கை மெல்லப் பிடுங்கி, அடுத்த அறிவிப்பைப் படித்தான்.

"ஆற்றோரத் தெரு தன்னிறைவு அடைந்துவிட்டது என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறோம். எனவே அங்குள்ள உணவுக் கிடங்கு இன்றோடு மூடப்படுகிறது. அந்தத் தெருவுக்கு ஒதுக்கிய சரக்கு, பாதுகாப்புக் கருதி, தலைமை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளப்படும்."

அந்தச் சரக்குக்குப் பொறுப்பாளராகத் தம்பி உயர்வு பெற்றான். அலுவலகத்தின் பின்கட்டிலேயே அவனுக்குக் குடியிருப்பும் கிடைத்தது. மேடான இடம். ஆறு அங்கே வராது.

படத்தைத் தெருமுனைதோறும் ஒட்டினார்கள். மீட்டர்க்காரர் வேலைக்குப் போகும் வழியெல்லாம் அவரே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாய்கள் மறுபடி குரைக்கத் தொடங்கின என்று அவருக்குத் தோன்றியது. அது மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

அடுத்த மழைக்கே ஆறு வந்துவிட்டது. விடிகிற நேரத்தில் வாசலைத் தாண்டி, பகலுக்குள் ஜன்னலைத் தொட்டது. ஜனங்கள் மாடிக்கு ஏறினார்கள். முதல் நாள் வீட்டில் இருந்ததைத் தின்றார்கள். அடுத்த நாள் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் இடுப்பளவுத் தண்ணீரில், பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒவ்வொருவராக மீட்டர்க்காரர் வீட்டுக்கு வந்து படியில் நின்றார்கள்.

"அண்ணே, மீன் எங்க கிடைக்கும்?"

"எனக்குத் தெரியாதுப்பா. அது பொய்ப் படம்."

"எங்ககிட்டயுமா இப்படிச் சொல்லுவீங்க?"

"சத்தியமா சொல்றேன். ஐஸ் பெட்டி மீன் அது."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது வருஷம் ஒன்றாகக் குடியிருந்தவர்கள். அவர் எழுதிய எண்ணை ஒருநாளும் சந்தேகப்படாதவர்கள். "இடத்த மட்டும் சொல்லிடுங்க. நாங்களே போய்ப் பிடிச்சிக்கறோம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், கொஞ்சம் கசப்பாக. "நீங்க மட்டும் பிழைச்சாப் போதுமா?"

மீட்டர்க்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகைகூட வரவில்லை. கூட்டத்தின் பின்னால், தண்ணீர் புகுந்த அடுத்த தெருக்களிலிருந்து பேக்கரிக்காரரும் தையலக்காவும் வந்திருந்தார்கள். தையலக்கா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். பேச வாய் திறந்தார். காற்றுதான் வந்தது. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மீட்டர்க்காரரைக் காட்டினார். இல்லை என்று கையை விரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி ஒரு பாத்திரத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "நம்ம சரக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். சாவி யார்கிட்ட இருக்குன்னும் தெரியும். வாங்க" என்றாள்.

தெருவே அவள் பின்னால் போனது. தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும் இறங்கியது. தலைமை அலுவலகத்தின் வாசல் காய்ந்து கிடந்தது. காவலுக்கு யாரும் இல்லை. அதிகாரிகள் முந்தைய நாளே குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டார்களாம். பின்கட்டில் கிடங்கின் மரக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

மீட்டர்க்காரர் தட்டினார். "தம்பி, நான்தான்."

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், தம்பியின் குரல் கேட்டது. "அத்தான், திறக்க அனுமதி இல்ல. இயக்குநர் ஊர்ல இல்ல. ஃபோனும் போகல."

"குழந்தைங்க எல்லாம் பட்டினிடா. மாவு நம்ம தெருவோடதுதானே?"

"அனுமதி வராம ஒரு பொட்டலம் போனாலும் என் வேலை போயிடும். நீங்க வாங்கிக் குடுத்த வேலை அத்தான். நீங்களே கெடுக்கலாமா?"

மீட்டர்க்காரர் தட்டிய கையைக் கீழே இறக்கினார். மனைவி அவரை ஒதுக்கிவிட்டுக் கதவோடு ஒட்டி நின்றாள். உள்ளங்கையை மரத்தில் வைத்தாள்.

"தம்பி. நான் அக்கா வந்திருக்கேன்டா."

"தெரியுதுக்கா."

"எனக்குப் பசிக்குது."

உள்ளே மூச்சுச் சத்தம் கேட்டது. காலை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளில் கை படுகிற ஓசைகூட ஒரு முறை கேட்டது. அவள் காத்திருந்தாள். அவள் பின்னால் தெருவே காத்திருந்தது. யாரோ ஒரு குழந்தையை அழாமல் இருக்கத் தட்டிக் கொடுத்தார்கள்.

"மேல இருந்து உத்தரவு வந்ததும் முதல்ல உனக்குத்தான்கா" என்றான் தம்பி. குரல் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தெருக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"உள்ள யாருமில்ல" என்றாள். "கதவ உடைங்க."

பேக்கரிக்காரர்தான் முதலில் தோளைக் கொடுத்தார். மரம் விரிசல் விட்டபோது உள்ளேயிருந்து "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. அவள் பாத்திரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கதவு விழுவதற்காக ஓரமாக விலகி நின்றாள்.